கண் வண்டி ஏன் ஆடியது

மேற்குத் தாம்பரம்
9-2-1988

ஜெயவேலு அண்ணனுக்கு,

என் கையெழுத்தை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். கண் வண்டியில் நர்ஸாக இருக்கும் ஹஃபீசா எழுதுகிறேன்.

தாம்பரம் மார்க்கெட்டில் காய்கறி விற்கும் உங்கள் அக்கா பச்சையம்மாவிடம் உங்கள் முகவரியைக் கேட்டேன். இரண்டு முறை தர மறுத்துவிட்டார். மூன்றாம் முறை போனபோது, "என் தம்பி ஊர வுட்டுப் போனதுக்கு நீயும் ஒரு காரணம், தெரியும்ல?" என்றார். தெரியும் என்றேன். அதற்குப் பிறகுதான் தந்தார்.

போன வருடம் மார்ச்சில் அஸ்தினாபுரம் முகாமில் நடந்தது உங்களுக்கு மறந்திருக்காது. டிரெய்லரை மைதானத்தில் நிறுத்தி, முன்னால் இழுத்து வந்த இன்ஜின் வண்டியைக் கழற்றிவிட்டு நீங்கள் வெளியே வேலை பார்த்துக்கொண்டிருந்தீர்கள். உள்ளே அஞ்சம்மாளின் வலது கண்ணில் புரை எடுத்துக்கொண்டிருந்தோம். வண்டி ஆடியது. டாக்டர் ஸ்ரீநிவாசராகவனின் கை பிசகியது. அந்தக் கண் போய்விட்டது. டிரைவர் முன்பக்கத்திலிருந்து குதித்ததால் வண்டி ஆடியது என்று விசாரணையில் எழுதினார்கள். கீழே சாட்சிக் கையெழுத்து போட்டது நான். நீங்கள் ஒரு வார்த்தை பேசாமல் சாவியை மேசைமேல் வைத்துவிட்டுப் போனீர்கள்.

இப்போது எழுதக் காரணம், வண்டி மறுபடி ஆடுகிறது. சென்ற மாதம் மறைமலை நகர் முகாமில் இரண்டு முறை ஆடியது. புது டிரைவர் அப்போது ரோட்டுக்கு அந்தப் பக்கம் டீக்கடையில் இருந்தார். வெளியே வேறு யாரும் இல்லை. நல்லவேளை, டாக்டர் அப்போது கத்தியை எடுக்கவில்லை. காரணம் தெரியும்வரை வண்டிக்குள் ஆபரேஷனே வேண்டாம் என்று நிறுத்திவிட்டார். பட்டணத்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போக ஆளில்லாதவர்கள் நாற்பது பேர் எங்கள் நோட்டில் காத்திருக்கிறார்கள்.

நிறுத்திவைத்த வண்டி ஏன் ஆடுகிறது? அந்த வண்டியை உங்களைப்போல அறிந்தவர் யாரும் இல்லை. உங்களிடம் கேட்கும் யோக்கியதை எனக்கில்லை. ஆனாலும் கேட்கிறேன்.

ஹஃபீசா

•

விசாகப்பட்டினம்
22-2-1988

சிஸ்டர் அவர்களுக்கு,

கடிதம் வந்து ஒரு வாரம் ஆகிறது. சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன்.

விசாரணையில் எழுதியது சரிதான். டிரெய்லரின் முன் தட்டில் ஏறி கிரீஸ் வைத்துக்கொண்டிருந்தேன். வேலை முடிந்து குதித்தேன். என் கால் தரையில் பட்டதும் உள்ளே அந்த அம்மா "ஐயோ" என்று கத்தியது என் காதில் விழுந்தது. பிறகு நான் என்ன பேசுவது? பேச என்ன இருக்கிறது?

இங்கே ஸ்டீல் பிளான்ட் கட்டும் இடத்தில் டிரெய்லர் ஓட்டுகிறேன். இரும்பு ஏற்றிப்போய் இரும்பு இறக்குகிறேன். இரும்புக்குக் கண் இல்லை. அதனால் நிம்மதியாக இருக்கிறது.

புது டிரைவரையே கேளுங்கள். என்னை விட்டுவிடுங்கள்.

ஜெயவேலு

•

மேற்குத் தாம்பரம்
28-2-1988

ஜெயவேலு அண்ணனுக்கு,

விட்டுவிடச் சொல்லி எழுதியிருக்கிறீர்கள். இந்த ஒரு கடிதத்தை மட்டும் படித்துவிடுங்கள்.

நீங்கள் பேசாமல் போனது எங்கள்மேல் இருந்த கோபத்தால் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். நீங்கள் குதித்ததுதான் காரணம் என்று நீங்களே நம்பிக்கொண்டு போனீர்கள் என்பது உங்கள் கடிதத்தைப் பார்த்துத்தான் தெரிந்தது.

இன்று ஞாயிற்றுக்கிழமை, காலையில் நானும் என் வீட்டுக்காரர் நசீருதீனும் வண்டி நிற்கும் ஷெட்டுக்குப் போனோம். அவருக்கு ஜி.எஸ்.டி. ரோட்டில் வெல்டிங் பட்டறை இருக்கிறது, உங்களுக்குத் தெரியும். ஆபரேஷன் மேசைமேல் ஒரு எவர்சில்வர் கிண்ணத்தில் விளிம்புவரை தண்ணீர் ஊற்றி வைத்தேன். அவர் நீங்கள் நின்ற அதே இடத்தில் ஏறிக் குதித்தார். தண்ணீர் ஆடியது, உண்மைதான்.

பிறகு அவரை வெளியே சும்மா நிற்கச் சொல்லிவிட்டு, மருந்து அலமாரியிலிருந்து மேசைவரை நான் நடந்து பார்த்தேன். நாலு அடிதான். கிண்ணத்துத் தண்ணீர் மேசையில் சிந்திவிட்டது.

அண்ணா, அன்றைக்கு டாக்டர் என்னிடம் நூல் கேட்டார். எடுத்து வர அலமாரிக்குப் போனேன். திரும்பி அந்த நாலு அடியை நடந்து வரும்போதுதான் அஞ்சம்மாள் கத்தினார். அவசரத்தில் வேகமாகத்தான் நடந்திருப்பேன்.

உங்கள் கால் ஆட்டியதா, என் கால் ஆட்டியதா என்று எனக்குத் தெரியாது. அன்றும் தெரியாது. தெரியாத ஒன்றுக்குக் கையெழுத்துப் போட்டேன். "வெளியே என்னமோ தடால்னு கேட்டுதே" என்று ஒருவர் சொன்னதும், என் பக்கம் யாரும் திரும்பிப் பார்க்கவில்லையே என்று ஆறுதலாகத்தான் இருந்தது. இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. முதலில் உங்களிடம்தான் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

பதில் எழுதாவிட்டாலும் வருத்தப்பட மாட்டேன்.

ஹஃபீசா

•

விசாகப்பட்டினம்
8-3-1988

சிஸ்டர் அம்மாவுக்கு வணக்கம்.

உங்கள் கடிதத்தை முதலில் நான் படித்தேன். பிறகு என் சம்சாரத்துக்குப் படித்துக் காட்டினேன். அஸ்தினாபுரத்தில் என்ன நடந்தது என்று அவளுக்கு இதுவரை சொன்னதே இல்லை. இங்கே சம்பளம் அதிகம் என்று சொல்லித்தான் கூட்டி வந்தேன். கேட்டுவிட்டு, "இத்த ஒரு வருசமா நெஞ்சுல வச்சிகினா சோறு துன்ன?" என்று திட்டினாள். பிறகு அழுதாள். நானும் அழுதேன். எனக்கு நாற்பத்தோரு வயது. இப்படி அழுதது நினைவில்லை.

நீங்கள் எழுதாமல் இருந்திருந்தால் சாகும்வரை ஒரு கண்ணைப் பறித்தவனாகவே இருந்திருப்பேன். உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று எனக்கு எழுதத் தெரியவில்லை. ஆனால் வண்டியைப் பற்றி எழுதத் தெரியும்.

உங்கள் காலும் இல்லை சிஸ்டர், என் காலும் இல்லை. யார் நடந்தாலும் அது ஆடத்தான் செய்யும். ஓடும்போது டிரெய்லரின் முன்பாரத்தை இன்ஜின் வண்டி தாங்கும். கழற்றியதும் முன்னால் இரண்டு இரும்புக் கால்களில் நிற்கும். பின்னால் டயர்மேல் நிற்கும். டயருக்கு மேலே ஸ்பிரிங் பட்டைகள். சரக்கு ஏற்றும் வண்டி நிற்கும்போது கொஞ்சம் ஆடினால் யாருக்கு என்ன? ஆனால் நாம் அதற்குள் கண்ணை அறுக்கிறோம். அப்படிப்பட்ட வண்டியை அப்படியே நிறுத்தியது தப்பு. அதை யாரும் யோசிக்கவில்லை. நானும் யோசிக்கவில்லை.

நசீர் பாயிடம் இப்படிச் செய்யச் சொல்லுங்கள். கெட்டித் தரையாகப் பார்த்து நிறுத்தி, முதலில் எல்லாச் சக்கரத்துக்கும் முன்னும் பின்னும் கட்டை அடித்து இறுக்க வேண்டும். கட்டை வைக்காமல் ஜாக்கியைத் தொடவே கூடாது. பிறகு முன்கால்களின் கைப்பிடியைச் சுற்றி, ரசமட்டம் பார்த்து வண்டியைச் சமமாக்க வேண்டும். கடைசியாகப் பின்பக்கம் இரண்டு ஓரத்திலும், அடிச்சட்டத்துக்கு நேர் கீழே, பழைய ரயில் ஸ்லீப்பர் கட்டை போட்டு அதன்மேல் திருகு ஜாக்கி வைத்து ஏற்றலாம். டயர் தரையை விட்டு எழும்பக் கூடாது. ஸ்பிரிங் மேல் இருக்கும் பாரம் ஜாக்கிக்கு மாறினால் போதும்.

செய்துவிட்டுக் கிண்ணத்தை வைத்துப் பாருங்கள். தண்ணீர் எந்தப் பக்கம் ஆடுகிறது என்று எழுதுங்கள்.

அந்த அம்மா எப்படி இருக்கிறார்கள்?

ஜெயவேலு

•

மேற்குத் தாம்பரம்
6-4-1988

ஜெயவேலு அண்ணனுக்கு,

நீங்கள் எழுதியபடியே எல்லாம் செய்தோம். பழைய ஸ்லீப்பர் கட்டைகளை நசீர் எங்கிருந்தோ தேடிப் பிடித்தார். மேலும் கீழுமாகக் குதிக்கும் ஆட்டம் நின்றுவிட்டது. பக்கவாட்டிலும் அசைவு இல்லை. ஆனால் நான் வேகமாக நடந்தால், கிண்ணத்துக்குள் தலைமாட்டுப் பக்கத்திலிருந்து கால்மாட்டுப் பக்கம் தண்ணீர் ஓடித் திரும்புகிறது. வண்டியின் நீளவாக்கில், அதாவது முன்னும் பின்னுமாக.

டாக்டரிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். என் நாலு அடியையும் சேர்த்துத்தான். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அவரே ஒரு தாளை நீட்டினார். "வாகனம் சரியாக நிறுத்தப்படாததே காரணம். அதை உறுதி செய்துகொள்ளாமல் ஆபரேஷன் தொடங்கியது என் தவறு. டிரைவர்மேல் குற்றமில்லை" என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டிருந்தார். அதன் கீழே நானும் போட்டேன். வண்டியை நடத்தும் டிரஸ்ட்டுக்கு அனுப்பியாயிற்று. எங்கள் இருவர் வேலைக்கும் என்ன ஆகும் என்று தெரியவில்லை. ஆனால் இந்த முறை தெரிந்த ஒன்றுக்குக் கையெழுத்துப் போட்டேன்.

அஞ்சம்மாளைக் கேட்டீர்கள். நேரில் போய் எல்லாம் சொன்னேன். இடது கண்ணிலும் புரை முற்றிவிட்டது. வெளிச்சம் மட்டும்தான் தெரிகிறது. சுவரைத் தடவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். நான் சொல்லி முடிக்கும்வரை கேட்டார். பிறகு சத்தம் போட்டார்.

"ஒரு வருசமா அந்த டிரைவரு கை கால் வெளங்காம போவணும்னு காலைல எந்திரிச்சதும் சாபம் வுட்டுகினு கீறேன். இப்ப வந்து அவன் இல்லன்றியா? நீ முன்னாடியே சொல்ல வேண்டியதுதானே? அவனுக்கு எதுனா ஆயிருந்தா அந்தப் பாவம் யாருக்கு?"

எனக்குத்தான் என்றேன். பிறகு, "அவனுக்குப் புள்ளகுட்டி கீதா? நல்லாக் கீறானா?" என்று கேட்டார். நன்றாக இருக்கிறார் என்றேன். "அப்ப சரி. துன்ட்டுப் போ" என்று தட்டில் இட்லி வைத்தார். மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன்.

ஹஃபீசா

•

விசாகப்பட்டினம்
15-4-1988

சிஸ்டர் அம்மாவுக்கு,

அந்த அம்மாவின் சாபம் நியாயமானது. கண்ணை இழந்தவர் யாரையாவது நொந்துகொள்ளாமல் என்ன செய்வார்? என்மேல் குற்றமில்லை என்று நீங்கள் எழுதியிருந்தாலும், அவர் வாயால் "நல்லாக் கீறானா" என்று கேட்டார் என்று படித்தபோதுதான் மூச்சு சீராக வந்தது.

டாக்டர் சார் எழுதியதைக் கேட்டு மனம் நிறைந்தது. பெரிய படிப்பு படித்தவர். எழுதியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் அவருக்கு இல்லை.

நீளவாக்கில் ஆடினால் அது முன்கால்களின் வேலைதான். அவற்றை நீளமாக இறக்கி நிறுத்தியிருப்பீர்கள். பொய்க்கால் கட்டிய ஆளைப் பிடித்துத் தள்ளினால் எப்படி இருக்கும்? அப்படித்தான். மூன்று காரியம் செய்ய வேண்டும். கால்களுக்குக் கீழே கட்டைகளை உயரமாக அடுக்கிவிட்டால் காலைக் கொஞ்சமாக இறக்கினால் போதும். அடுத்தது, இரண்டு கால்களுக்கும் நடுவே பெருக்கல் குறி மாதிரி இரும்புப் பட்டை கட்ட வேண்டும். ஒவ்வொரு காலிலிருந்தும் பின்னால் அடிச்சட்டத்துக்குச் சாய்வாக ஒரு பட்டை இழுத்து போல்ட் போட வேண்டும், வெல்டு வைத்துவிட்டால் வண்டி கிளம்பும்போது கழற்ற முடியாது. பிறகு இன்ஜின் வண்டியோடு மாட்டும் கிங் பின் முன்னால் அடியில் சும்மா தொங்குகிறதே, அதைப் பிடித்துத் தாங்குகிற மாதிரி ஒரு இரும்பு முக்காலி செய்து திருகி இறுக்க வேண்டும்.

இங்கே இருக்கும் ஃபோர்மேன் ஒருவரிடம் படம் போட்டுக் காட்டிக் கேட்டேன். சரி என்றார். அந்தப் படத்தையும் இதோடு வைத்திருக்கிறேன். நசீர் பாய்க்குப் பார்த்தவுடனே புரியும்.

ஜெயவேலு

•

மேற்குத் தாம்பரம்
20-6-1988

ஜெயவேலு அண்ணனுக்கு,

முக்காலி தயார். நசீர் அதை மூன்று முறை செய்தார். முதல் இரண்டும் அவருக்கே பிடிக்கவில்லை. "இதுல உங்க அண்ணன் பேரு இருக்கு, ஆடக் கூடாது" என்று பட்டறையில் இருந்தவர்களை எல்லாம் படுத்தி எடுத்துவிட்டார்.

எங்கள் வேலை போகவில்லை. டிரஸ்ட்டிலிருந்து எச்சரிக்கைக் கடிதம் மட்டும் வந்தது. டாக்டருக்கும் எனக்கும் ஒரே வாசகம். ஆபரேஷன் மறுபடி தொடங்க அனுமதியும் கிடைத்துவிட்டது. ஜூலை பதினைந்தாம் தேதி, அதே அஸ்தினாபுரம் மைதானம்.

அஞ்சம்மாள் தன் இடது கண்ணுக்கு அங்கேயே செய்துகொள்கிறேன் என்கிறார். வேறு ஆஸ்பத்திரிக்கு நானே கூட்டிப்போகிறேன் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். மருமகளும் சொன்னாள். "உங்களுக்குத்தான் இனிமே பயம் இருக்கும். பயந்தவங்கதான் ஒழுங்கா செய்வாங்க" என்கிறார் அஞ்சம்மாள். ஆனால் ஒரு நிபந்தனை. "அந்த டிரைவரு வந்து தன் கையால வண்டிய நிறுத்தட்டும். அப்பத்தான் ஏறுவேன்."

இருக்கும் ஒரே கண் அது. எங்களை நம்பித் தருகிறார். வருவீர்களா?

ஹஃபீசா

•

விசாகப்பட்டினம்
20-7-1988

சிஸ்டர் அம்மாவுக்கு,

இங்கே திரும்பி வந்து சேர்ந்துவிட்டேன். இரண்டு நாள்தான் லீவு என்பதால் கட்டுப் பிரிக்கும்வரை இருக்க முடியவில்லை. ரயிலில் வழியெல்லாம் அதே நினைப்பு. கண் எப்படி இருக்கிறது என்று உடனே எழுதுங்கள்.

ஆபரேஷன் அன்று நீங்கள் உள்ளே இருந்தீர்கள். வெளியே நடந்தது உங்களுக்குத் தெரியாது. கட்டை, ஜாக்கி, முக்காலி எல்லாம் இறுக்கி முடித்ததும் டாக்டர் சார் இறங்கி என்னிடம் வந்தார். "ஜெயவேலு, அன்னிக்கு எங்க நின்னு குதிச்சீங்களோ அங்கேயே ஏறி இன்னொரு தடவை குதிங்க. நான் உள்ள கிண்ணத்தைப் பாக்கணும்" என்றார்.

ஏறிவிட்டேன். குதிக்கக் கால் வரவில்லை. நசீர் பாய் கீழே நின்று "குதிங்கண்ணா" என்கிறார். எனக்கு அந்தப் பழைய சத்தம்தான் காதில் கேட்கிறது. கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன்.

புங்க மரத்தடி பெஞ்சில் அஞ்சம்மாள் உட்கார்ந்திருந்தார். நான் நிற்பது அவருக்குத் தெரியாது. சத்தமே இல்லாததை வைத்துக் கண்டுபிடித்துவிட்டார்போல. "இன்னா நைனா, பயமா கீதா? எனுக்குந்தான் கீது. நீ குதி. உள்ள தண்ணி இன்னா ஆவுதுன்னு பாக்கட்டும்" என்றார்.

குதித்தேன். உள்ளேயிருந்து சத்தமே இல்லை. எனக்கு உயிர் போய்விட்டது. பிறகு டாக்டர் சார் வாசலுக்கு வந்து, "இன்னொரு தடவை" என்றார். மூன்று தடவை குதித்தேன். மூன்றாவது முறை அவர் சிரித்துக்கொண்டே கையை ஆட்டிப் போதும் என்றார்.

படி ஏறும்போது அஞ்சம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டார். ஏற்றிவிட்டுத் திரும்பும்போது, "நீ இங்கயே இரு, போய்டாத" என்றார். ஆபரேஷன் முடியும்வரை அந்தப் படியிலேயே உட்கார்ந்திருந்தேன். மூச்சு விடக்கூடப் பயமாக இருந்தது.

என்னை அழைத்ததற்கு உங்களுக்கும் டாக்டர் சாருக்கும் என் குடும்பமே நன்றி சொல்கிறது.

ஜெயவேலு

•

மேற்குத் தாம்பரம்
29-8-1988

ஜெயவேலு அண்ணனுக்கு,

கட்டுப் பிரித்த அன்றே நல்லபடியாக இருக்கிறது என்று உங்களுக்குக் கார்டு போட்டேன். கண்ணாடி கைக்கு வரட்டும், பிறகு விவரமாக எழுதலாம் என்று காத்திருந்தேன்.

நீங்கள் குதித்தபோது உள்ளே நடந்ததைச் சொல்கிறேன். டாக்டரும் நானும் கிண்ணத்துக்கு இரண்டு பக்கமும் குனிந்து நின்றோம். தண்ணீரில் மேலே எரியும் டியூப்லைட் ஒரு வெள்ளைக் கோடாகத் தெரிந்தது. வெளியே தொம் என்று கேட்டது. கோடு வளையவில்லை. டாக்டர் நம்பாமல் என்னை நடக்கச் சொன்னார். நடந்தேன். ஓடச் சொன்னார். அந்தச் சின்ன இடத்தில் ஓடினேன். கோடு கோடாகவே இருந்தது. அவர் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு வாசலுக்குப் போய் உங்களை மறுபடி குதிக்கச் சொன்னார். உங்களுக்கு உடனே குரல் கொடுக்காததற்குக் காரணம், இரண்டு பேரும் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஆபரேஷனின்போது டாக்டர் நூல் கேட்டார். எடுத்துக்கொண்டு நடந்து வந்தேன். அஞ்சம்மாள் அசையாமல் படுத்திருந்தார். டாக்டரின் கையும் அசையவில்லை. அல்லாஹ்வுக்கு நன்றி சொன்னேன். அடுத்து உங்களுக்குச் சொன்னேன், வாய்க்குள்ளேயே.

நேற்று முன்தினம் கனமான அந்தக் கண்ணாடியைப் போட்டுவிட்டோம். முதலில் என்னைத்தான் பார்த்தார். மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நீ இம்மாம் சின்னப் பொண்ணா! கொரல வச்சி எதோ பெரிய பொம்பளன்னு நெனச்சிகினு உன்ன அந்தத் திட்டு திட்டிட்டனே" என்றார். எல்லோரும் சிரித்தோம். அவர் என் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வெகு நேரம் விடவில்லை. பிறகு, "அந்த டிரைவரு எங்க? அவன் மூஞ்சியத்தான் இன்னும் பாக்கல" என்றார்.

நோட்டில் இருந்த நாற்பது பேரில் இருபத்தாறு பேருக்கு இதுவரை முடிந்துவிட்டது. ஒருவருக்கும் பழுதில்லை.

இதோடு இருப்பது டிரஸ்ட்டின் கடிதம். உங்கள்மேல் எழுதிய குற்றச்சாட்டை ரத்து செய்துவிட்டார்கள். பழைய வேலைக்கே வரும்படி அழைத்திருக்கிறார்கள். வண்டியை நிறுத்தும் முறைக்கு இனி நீங்களே பொறுப்பு. நீங்கள் சரி என்று சொல்லாமல் டாக்டர் கத்தியைத் தொட மாட்டார். அவரே கேட்டு எழுதி வாங்கிய வரி அது.

அங்கே நல்ல சம்பளம் என்று தெரியும். வற்புறுத்த மாட்டேன்.

ஹஃபீசா

•

விசாகப்பட்டினம்
10-9-1988

சிஸ்டர் அம்மாவுக்கு,

டிரஸ்ட்டின் கடிதத்தை என் சம்சாரம் மடித்துப் பெட்டியில் சாமி படத்துக்குக் கீழே வைத்திருக்கிறாள். எனக்கு முன்னால் அவளே மூட்டை கட்ட ஆரம்பித்துவிட்டாள். இங்கே ஃபோர்மேன், "இவ்ளோ சம்பளத்த வுட்டுட்டுப் போறியே" என்று கேட்டார். ஊரில் என்மேல் நம்பிக்கை வைத்து ஒரு வரி எழுதியிருக்கிறார்கள் சார் என்றேன். அவருக்குப் புரிந்ததோ இல்லையோ, கை கொடுத்தார்.

முப்பதாம் தேதி கிளம்புகிறோம். அக்காவுக்கும் எழுதிவிட்டேன்.

எல்லோருமாகச் சேர்ந்து நல்லதைச் செய்தோம். ஆனாலும் போன கண் போனதுதான். அதை நான் மறக்கவில்லை, நீங்களும் மறந்திருக்க மாட்டீர்கள். ஊர் வந்ததும் முதலில் அஞ்சம்மாளைப் பார்க்கப் போகிறேன். வலது பக்கமிருந்து யார் வந்தாலும் அவருக்குத் தெரியாது, திடுக்கிடுவார். நான் இடது பக்கமாகவே வருவேன் என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

ஜெயவேலு